பொருந்தாத அளவீடு: காசினி விண்கலம் சொல்லும் பாடம்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாமல் கொண்டாடும் நாட்களில் இரண்டு, செப்டம்பர் 15ஆம் அக்டோபர் 15உம். முன்னது அறிஞர் அண்ணா பிறந்த நாள். பின்னது அப்துல் கலாம் அவர்கள் பிறந்த நாள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று அந்த நாட்களில் பள்ளி களைகட்டும். இந்த இரண்டு தேதிகளுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1997 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் கேப் கனாவெரல் ஏவுதளத்திலிருந்து ஒரு விண்கலம் கிளம்பியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயணம் செய்து, 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்கோளின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்து எரிந்து முடிந்தது. தேதிகள் பொருந்தி வந்தது தற்செயல்தான். ஆனால் அந்த நாட்களில் மைக்கின் முன் நிற்கும் மாணவருக்குச் சொல்வதற்கு ஒரு நல்ல செய்தி இதில் இருக்கிறது.

அந்த விண்கலத்தின் பெயர் காசினி. நம் தமிழாசிரியர்களிடம் கேட்டால், காசினி என்றால் உலகம் என்று உடனே சொல்வார்கள். இந்தக் காசினி அதுவன்று. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய இத்தாலிய வானியலாளர் ஜியோவன்னி காசினியின் பெயர் அது. சனியின் வளையங்களுக்கிடையே கருப்புக் கோடுபோல ஓர் இடைவெளி இருப்பதை 1675இல் கண்டவர் அவர். விண்கலத்தோடு ஒட்டிக்கொண்டு போன சிறிய ஆய்வுக் கலத்துக்கு ஹைகென்ஸ் என்று பெயர். மேல்நிலை வகுப்பு இயற்பியலில் ஹைகென்ஸ் தத்துவம் என்று நடத்துகிறோமே, அதே ஹைகென்ஸ்தான். சனியின் மிகப் பெரிய துணைக்கோளான டைட்டனை 1655இல் கண்டுபிடித்தவர் அவர்.

ஆறாம் வகுப்பில் சூரியக் குடும்பம் நடத்தும்போது சனி என்றதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். "டீச்சர், சனி கிட்டப் போன ராக்கெட்டுக்குச் சனி பிடிக்காதா?" என்று ஒரு குரலாவது வரும். அந்தக் கேள்வியை அதட்டி உட்கார வைக்க வேண்டியதில்லை. கரும்பலகையில் ஒரு கணக்குப் போடலாம். சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர 29½ ஆண்டுகள் ஆகின்றன. வானத்தைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்தால், ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்கு ஏழரை ஆண்டு. வீட்டில் கேட்ட 'ஏழரை' எங்கிருந்து வந்தது என்பது பிள்ளைகளுக்கு அப்போது தெரியும். வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தே அந்தக் கோளின் மெதுவான நடையைக் கணித்து, அதற்கு மந்தன் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பலன் சொல்வது வேறு, அளந்து பார்த்தது வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

காசினியைப் பற்றி எவ்வளவோ பேசலாம். நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை, இத்தாலிய விண்வெளி முகமை மூன்றும் சேர்ந்து செய்த பணி அது. சனியை 294 முறை சுற்றியது. நான்கரை லட்சத்துக்கும் அதிகமான படங்களை அனுப்பியது. இவற்றைப் பொது அறிவு வினாவிடையாக நடத்தி முடித்துவிடலாம். ஆனால் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைப்பது ஒரே ஒரு விஷயம்தான். நாம் எதிர்பார்த்ததோடு பொருந்தாத ஓர் அளவீடு கைக்கு வந்தால், அதை என்ன செய்வது? காசினியின் கதை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. நம் அறிவியல் வகுப்பறையும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பயணத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். புறப்படும்போது காசினியின் எடை, எரிபொருளும் ஹைகென்ஸ் கலமும் சேர்த்து, 5,700 கிலோவுக்கு மேல். அவ்வளவு எடையைச் சனிக்கு நேராக எறியும் வலு அன்றிருந்த ராக்கெட்டுக்கு இல்லை. அதனால் கோள்களிடமிருந்தே வேகத்தைக் கடன் வாங்கினார்கள். வெள்ளியை இருமுறை, 1999இல் பூமியை ஒருமுறை, 2000ஆம் ஆண்டு இறுதியில் வியாழனை ஒருமுறை உரசினாற்போல் கடந்து சென்றது. எதிரே வரும் ரயிலின்மேல் எறிந்த ரப்பர் பந்து, எறிந்ததைவிட அதிக வேகத்தில் திரும்பி வரும் அல்லவா? அதுபோல, ஓடிக்கொண்டிருக்கும் கோளின் ஈர்ப்பில் சிக்கி வெளியேறும் கலம் கூடுதல் வேகம் பெறுகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலை 1 அன்று, காசினி சனியை அடைந்தது.

அங்கே சூரிய ஒளி நமக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே சூரியத் தகடு பயன்படாது. புளூட்டோனியம் சிதையும்போது வெளிவரும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். பூமிக்குச் செய்தி அனுப்பிய வானொலிப் பரப்பியின் திறன் சுமார் 20 வாட். பழைய வகுப்பறை டியூப் லைட்டின் திறனில் பாதி! அதன் கேமரா எடுத்த ஒவ்வொரு படமும் பத்து லட்சம் புள்ளிகளே கொண்டது. இன்று சாதாரணக் கைபேசி கேமராவே இதைவிடப் பல மடங்கு நுணுக்கமானது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, பெரிய கருவி இருந்தால்தான் பெரிய கண்டுபிடிப்பு வருமா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் நடக்கும்.

சனியிலிருந்து வானொலிச் செய்தி நம்மை எட்ட ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஆகும். முதல் பாடவேளையில் ஒரு கேள்வி அனுப்பினால், பகல் உணவு மணி அடிக்கும் நேரத்துக்குத்தான் பதில் வந்து சேரும். 2004 ஜூலையில் சனியின் ஈர்ப்பில் சிக்குவதற்காகக் காசினி தன் இயந்திரத்தை 96 நிமிடங்கள் எரித்து வேகத்தைக் குறைத்தது. எரியத் தொடங்கிய செய்தி பூமிக்கு வந்தபோது அங்கே அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. இங்கிருந்து யாரும் கைகொடுக்க முடியாது. முன்கூட்டியே சொல்லிக்கொடுத்ததை வைத்து அது தானே செய்துகொள்ள வேண்டும். தேர்வறை வாசலில் நின்று பார்த்த அனுபவம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் சொன்ன கேள்விக்கு வருகிறேன்.

சனியைத் தொலைநோக்கியில் முதலில் பார்த்து எழுதிவைத்தவர் கலிலியோ. ஆண்டு 1610. அவருடைய சிறிய தொலைநோக்கியில் வளையம் வளையமாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு பெரிய உருண்டை, இருபுறமும் இரண்டு சிறிய உருண்டைகள் என மூன்றாகத் தெரிந்தது. 1612இல் மீண்டும் பார்த்தபோது பக்கத்து உருண்டைகளைக் காணவில்லை. அவர் குழம்பினார். ஆனால் மூன்று தெரிந்தபோது மூன்று என்றார், மறைந்தபோது மறைந்தது என்றார். ஏனென்று அவருக்குத் தெரியவில்லை. விடை சொன்னவர் ஹைகென்ஸ். கோளைத் தொடாமல் தட்டையான வளையம் ஒன்று சுற்றியிருக்கிறது, அதன் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பும்போது மெல்லிதாகி மறைகிறது என்று 1659இல் வெளியிட்டார். 2025 மார்ச்சில்கூட வளையம் அப்படி விளிம்பு காட்டி நின்றது. கலிலியோ தனக்குப் புரியாததை மறைத்திருந்தால், ஹைகென்ஸுக்கு விடை சொல்ல ஒரு புதிர் இருந்திருக்காது.

இரண்டாவது நிகழ்ச்சி, காசினி பாதி வழியில் போய்க்கொண்டிருந்தபோது நடந்தது. ஹைகென்ஸ் கலம் டைட்டனில் இறங்கும்போது அனுப்பும் தகவலைக் காசினி வாங்கிப் பூமிக்கு அனுப்ப வேண்டும். ஏற்பாடெல்லாம் சரியாக இருப்பதாகவே நம்பியிருந்தார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமைப் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், உண்மையில் நடக்கப்போவதுபோலவே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 2000 பிப்ரவரியில் பூமியிலிருந்தே ஹைகென்ஸின் செய்தியைப்போல ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்தார்கள். காசினியின் வாங்கி அதைச் சரியாகப் படிக்கவில்லை.

காரணம், பத்தாம் வகுப்பு ஒலியியலில் நாம் நடத்தும் டாப்ளர் விளைவு. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி கீச்சென்று மாறுவதுபோல, வேகமாக நெருங்கும் கலத்துக்கு வந்துசேரும் செய்தியின் அதிர்வெண் மாறும். அலையின் அதிர்வெண் மாறுவதற்கு ஏற்பாடு இருந்தது. அந்த அலையில் ஏறிவரும் தகவலின் வேகமும் மாறும் என்பதற்கு ஏற்பாடு இல்லை. கலமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில். கருவியைக் கழற்றி மாட்ட முடியாது. அதனால் பாதையை மாற்றினார்கள். ஹைகென்ஸ் இறங்கும்போது காசினி அதை நோக்கி விரையாமல், தொலைவில் பக்கவாட்டாகக் கடந்து போகும்படி கணக்கிட்டார்கள். பக்கவாட்டில் போகும்போது டாப்ளர் மாற்றம் குறைந்துவிடும். பாடநூலில் இரண்டு மதிப்பெண் வினாவாக இருப்பது, அங்கே ஒரு பயணத்தையே காப்பாற்றியது.

2005 ஜனவரி 14 அன்று ஹைகென்ஸ் இரண்டரை மணி நேரம் மிதந்து இறங்கி டைட்டனின் தரையைத் தொட்டது. ஓடைகள் ஓடிய தடங்களையும் உருண்டையான பனிக்கட்டிக் கற்களையும் படம் பிடித்தது. அங்கே வெப்பநிலை சுமார் மைனஸ் 180 டிகிரி. ஆற்றில் ஓடுவது தண்ணீரில்லை, திரவ மீத்தேன். அன்று எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. இரண்டு அலைவரிசைகளில் ஒன்றின் வாங்கியை இயக்கும் கட்டளை விடுபட்டிருந்ததால், படங்களில் ஏறத்தாழ பாதி கிடைக்காமல் போயின. அதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சிதான் இன்றைய பேச்சின் மையம். என்செலடஸ் என்பது சனியின் ஒரு சிறிய துணைக்கோள். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர். வெள்ளை வெளேரென்ற பனிக்கட்டி உருண்டை. அவ்வளவு சிறிய கோளம் உள்ளுக்குள் எப்போதோ குளிர்ந்து உறைந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். 2005 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் காசினி அதன் அருகே கடந்தபோது, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி ஒரு சிறு மாற்றத்தைக் காட்டியது. காற்றே இல்லாத பனிக்கட்டி உருண்டையாக இருந்தால் சனியின் காந்தப்புலக் கோடுகள் அதைப் பொருட்படுத்தாமல் கடக்க வேண்டும். அவையோ அதைச் சுற்றி வளைந்து கிடந்தன. ஏதோ ஒரு வளிமண்டலம் தடுப்பதுபோல.

கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. காந்தமானிக் குழுவின் தலைவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிஷெல் டோஹெர்ட்டி. அவரும் குழுவினரும் ஒதுக்கவில்லை. அடுத்தமுறை இன்னும் நெருக்கமாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மற்றவர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். ஒவ்வொரு கிராம் எரிபொருளுக்கும் கணக்கு வைத்திருக்கும் பயணத்தில் அது சிறிய கோரிக்கையன்று. 2005 ஜூலையில் காசினி என்செலடஸின் மேற்பரப்பிலிருந்து 173 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. தென்துருவத்தில் நீண்ட பிளவுகள், அவற்றில் எதிர்பாராத வெப்பம், மேலே நீராவி. அந்த நவம்பரில் எடுத்த படங்களில், சூரிய ஒளியின் பின்னணியில், பிளவுகளிலிருந்து பனித்துகள்கள் ஊற்றுப்போல விண்வெளிக்குள் பீறிட்டெழுவது தெளிவாகத் தெரிந்தது.

அதன்பிறகு அந்தச் சிறிய உருண்டை பயணத்தின் முக்கிய இலக்குகளில் ஒன்றாகிவிட்டது. காசினி மீண்டும் மீண்டும் அங்கே சென்றது. பனித்துகளில் உப்பு இருந்தது. பனி ஓட்டுக்கு அடியில் கோளம் முழுவதும் பரவிய ஒரு கடல் இருப்பது 2015இல் உறுதியானது. அந்த ஆண்டு அக்டோபரில் 49 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஊற்றுக்குள்ளேயே பறந்து மாதிரி எடுத்தது. அதில் ஹைட்ரஜன் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். கடலடியில் வெந்நீரும் பாறையும் வினைபுரிகின்றன என்பதற்கு அது அடையாளம். நம் பூமியின் ஆழ்கடலில் சூரிய ஒளியே படாத வெந்நீர் ஊற்றுகளைச் சார்ந்து உயிர்கள் வாழ்கின்றன. என்செலடஸில் உயிர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மாணவர்களிடம் இந்த எல்லையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உயிர் வாழத் தேவையான சூழல் இருக்கிறது என்பதுதான் செய்தி. இத்தனைக்கும் தொடக்கம், வரைபடத்தில் நேராக இருக்க வேண்டிய கோடு சற்றே வளைந்ததுதான்.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். நான் பணிபுரியும் பள்ளி மலைமேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நீரின் கொதிநிலையை அளக்கும் செயல்பாடு. ஒரு மாணவி வெப்பநிலைமானியைப் பார்த்து 95 என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "புக்குல 100ன்னு இருக்குடி" என்றாள். உடனே ரப்பர் எடுத்து 95ஐ அழிக்கப் போனாள். அழிக்காதே என்று சொல்லி, மற்ற குழுக்களின் அளவைக் கேட்டோம். 95, 94, 95, 96. பிறகு 100 என்று ஒரு குழு. அந்தக் குழுவின் அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை!

காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்ற பாடம் அன்று அந்த மேசையிலேயே நடந்தது. "அதனாலதான் எங்க வீட்ல பருப்பு வேக இவ்ளோ நேரமா டீச்சர்?" என்று அவர்களே கேட்டார்கள். ஆனால் என் மனத்தில் நின்றது வேறு. தண்ணீர் கொதிக்கும் முன்பே விடை எழுதத் தெரிந்திருக்கிறது பிள்ளைகளுக்கு. அது அவர்கள் குற்றமன்று. செய்முறைப் பதிவேட்டில் எல்லாருடைய அளவும் ஒன்றுபோல இருந்தால் நாம் நிம்மதியாகக் கையொப்பமிடுகிறோம். மாறுபட்ட அளவு இருந்தால்தான் சிவப்பு மை வெளியே வருகிறது. நேர்மையாக அளந்த பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்து, பார்த்தெழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்தால், நாம் கற்றுக்கொடுப்பது அறிவியல்தானா என்பது நாம் எல்லாரும் யோசிக்க வேண்டிய கேள்வி.

ஒவ்வொரு மாறுபட்ட அளவும் ஒரு கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அது கைப்பிழையாகவோ கருவிப் பிழையாகவோதான் இருக்கும். ஆனால் பிழையா, செய்தியா என்பதை மறுபடி அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அழித்துவிட்டால் இரண்டும் தெரியாமல் போகும். டோஹெர்ட்டி குழுவினர் உடனே கண்டுபிடிப்பு என்று முழங்கவும் இல்லை, கோளாறு என்று தள்ளவும் இல்லை. நெருங்கிப் போய்ப் பார்ப்போம் என்றார்கள்.

இதற்கு நிதியோ பெரிய ஆய்வகமோ தேவையில்லை. மூன்று சிறிய மாற்றங்கள் போதும். ஒன்று, பதிவேட்டில் அளவீடு எழுதும் பக்கத்தில் ரப்பரைப் பயன்படுத்த வேண்டாம். தவறென்று தோன்றினால் ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். இரண்டு, எல்லாக் குழுக்களின் அளவையும் கரும்பலகையில் எழுதி, ஏன் வேறுபடுகிறது என்று பத்து நிமிடம் பேசவிடுங்கள். மூன்று, 'எதிர்பாராதது' என்று ஒரு வரியைப் பதிவேட்டில் சேர்த்து, அதற்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள். தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். விதை முளைக்கும் நாளைக் கணக்கெடுக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, முளைக்காத விதையும் ஒரு கணக்குத்தான்.

இறுதியாக, காசினி எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட சனிப் பணி பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. எரிபொருள் தீரும் நிலை வந்தது. அதை அப்படியே சுற்றவிட்டிருக்கலாம். ஆனால் கட்டுப்பாடு இழந்த கலம் என்றாவது ஒருநாள் என்செலடஸ்மீதோ டைட்டன்மீதோ மோதக்கூடும். பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நுண்ணுயிரிகள் அங்கே போய்ச் சேரக்கூடும். நாளைக்கு அங்கே ஓர் உயிரைக் கண்டால், அது அந்த இடத்ததா, நாம் கொண்டுபோனதா என்று தெரியாமல் போய்விடும். எனவே காசினியைச் சனிக்குள்ளேயே செலுத்தி அழித்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 2005இல் வளைந்த அந்த ஒரு கோடு, இந்தக் கலத்தின் முடிவையும் தீர்மானித்துவிட்டது.

போகும் முன்பும் அது சும்மா இருக்கவில்லை. 2017 ஏப்ரல் முதல், வளையங்களுக்கும் கோளுக்கும் இடையே இருந்த குறுகிய இடைவெளியில் 22 சுற்றுகள் பாய்ந்தது. அதுவரை எந்தக் கலமும் போகாத இடம். வளையங்களின் நிறையை அப்போதுதான் நன்றாக அளக்க முடிந்தது. செப்டம்பர் 15 அன்று, மணிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் சனியின் காற்றுக்குள் நுழைந்தது. காற்று அதைப் புரட்டிப்போட முயல, சிறு உந்திகள் தம் முழு வலுவோடு அலைவாங்கியைப் பூமியை நோக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கடைசி நொடிவரை சனியின் காற்றில் என்ன இருக்கிறது என்ற அளவீட்டை அனுப்பிக்கொண்டே இருந்தது. நம் நேரப்படி மாலை 5.25க்குச் சிறிது பின்னர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருகிலுள்ள நிலையத்தில் அதன் குரல் நின்றது. அந்தக் குரல் நம்மை எட்டியபோது, அனுப்பியவன் அங்கே இல்லாமல் போய் 83 நிமிடங்கள் ஆகியிருந்தன.

காசினி அனுப்பிய தகவல்களை இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். என்செலடஸின் பனித்துகளில் உயிருக்கு அவசியமான பாஸ்பரஸ் சேர்மம் இருப்பதை, கலம் அழிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே பழைய தகவல்களிலிருந்துதான் எடுத்தார்கள். அழிக்காமல் வைத்த அளவீட்டுக்கு இருக்கும் ஆயுள் அது.

வரும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் உங்கள் பள்ளி மேடையில் ஒரு மாணவரோ மாணவியோ இந்தக் கதையைச் சொல்லட்டும். அதற்கு முன், உங்கள் கையில் இருக்கும் பதிவேட்டுக் கட்டில் மாறுபட்டு நிற்கும் ஓர் எண்ணைப் பார்த்தால், சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "இது எப்படி வந்தது? வா, இன்னொரு தரம் அளந்து பார்ப்போம்."